உடல் பரிசோதனை எண்களைக் குறித்து வைப்பது எப்படி?

ஆண்டுதோறும் உடல் பரிசோதனை செய்துகொள்பவர்களில் பலர், அறிக்கையில் எல்லாம் இயல்பு என்றிருந்தால் அதை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 84, 91, 98 என்று ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனாலும், மூன்றும் 100-க்குக் கீழே இருப்பதால் எந்த அறிக்கையும் எச்சரிக்காது. மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்த ஏற்றம் கண்ணில் படும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், ஹீமோகுளோபின் ஆகியவற்றுக்குக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இயல்பு வரம்பு ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும் என்பதால், எண்ணுக்குப் பக்கத்திலேயே வரம்பையும் எழுதுவதும், முடிந்தவரை ஒரே ஆய்வகத்துக்குச் செல்வதும் நல்லது. முதல் பக்கத்தை, உட்கொள்ளும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் எந்த நோய் எந்த வயதில் வந்தது என்பன போன்ற விவரங்களுக்கு ஒதுக்குங்கள். அந்த வயதை எழுத மறக்க வேண்டாம். தந்தைக்கு மாரடைப்பு 45 வயதில் வந்ததா 75 வயதில் வந்ததா என்பதைப் பொறுத்து மருத்துவரின் கணிப்பே மாறலாம்.

வீட்டில் அளப்பவற்றுள் மிக எளிதில் பிழையாவது ரத்த அழுத்தம். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, புகை, உடற்பயிற்சி மூன்றையும் தவிர்த்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்கள் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றி, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமீது வையுங்கள். கை கீழே தொங்கினாலும், பட்டை கைக்குச் சிறியதாக இருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். எடையைக் காலையில் சாப்பிடுவதற்கு முன் பார்த்தால் போதும்.

ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் பட்டினி இருக்க வேண்டும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்றாலும், ரத்தசோகை இருந்தால் அதன் முடிவு பிசகலாம் என்பதால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுவது அவசியம். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சில தைராய்டு பரிசோதனைகளைத் திசை திருப்பும். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை மட்டும் பரிசோதனைக்காக நீங்களாகவே நிறுத்தக் கூடாது.

வரம்பைச் சற்றே தாண்டிய ஓர் எண்ணைப் பார்த்து உடனே கலங்க வேண்டாம். அந்த வரம்புகள் பெரும்பாலும் நலமாக உள்ளவர்களில் 95 சதவீதத்தினரை மட்டுமே உள்ளடக்கும்படி வகுக்கப்பட்டவை. மருத்துவரிடம் நோட்டைக் காட்டி, மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ரத்த அழுத்தம் 180/120-ஐத் தாண்டி, அதோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால், மறுபடி அளந்து எழுதிக்கொண்டிராமல் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும்.