பூனையின் பாதத்தில் காயமா?

நொண்டுகிறதே என்று உடனே காலைப் பிடித்து இழுத்தால் பிறாண்டல்தான் கிடைக்கும். தலை மட்டும் வெளியே தெரியும்படி ஒரு துண்டில் சுற்றி, அடிபட்ட காலை மட்டும் வெளியே எடுங்கள். விரல் இடுக்குகளையும் பாருங்கள். முள்ளோ உடைந்த நகமோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் 5 முதல் 10 நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அப்புறம், அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும்.

டெட்டால் வேண்டவே வேண்டாம். பூனை நக்கியே தீரும், அது அதற்கு விஷம். பாராசிட்டமால் அதைவிட மோசம். ஒரே மாத்திரை உயிரைப் பறித்துவிடும். நமக்கு நல்லது பூனைக்கும் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆறும் வரை மலத்தொட்டியில் மணலுக்குப் பதில் கிழித்த காகிதம் போடுங்கள், காயத்தில் ஒட்டாது. நக்கிக்கொண்டே இருந்தால் கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டலாம்.

ரத்தம் நிற்கவில்லை, வீக்கம், சீழ், காலை ஊன்றவே இல்லை, அல்லது வேறு பூனை கடித்த காயம் என்றால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். கடிகாயம் மேலே சின்னதாகத் தெரியும், உள்ளே சீழ் கட்டும்.