ரத்தப் புற்றுநோயாளிகளுக்காக ஓர் அறக்கட்டளை: பத்திரம் எழுதும் முன்னும் பின்னும்

அறக்கட்டளை என்றதும் பலர் நேராக ஆடிட்டரிடம் போகிறார்கள். முதலில் போக வேண்டியது ரத்தநோய்ப் பிரிவின் ஓ.பி. வரிசைக்கு. துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் ஒரு நோட்டோடு போங்கள். சிகிச்சை எங்கே தடைப்படுகிறது என்பதை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

ரத்தப் புற்றுநோய் ஒரே நோயல்ல. வேகமாக முற்றும் அக்யூட் லுக்கேமியா வந்தவருக்கு இந்த வாரமே பிளேட்லெட் வேண்டும். மெதுவாக வளரும் சிஎம்எல் (க்ரானிக் மைலாய்டு லுக்கேமியா) நோயாளிக்கோ இமாட்டினிப் போன்ற மாத்திரை, வருடக்கணக்கில், தினமும். இரண்டுக்கும் ஒரே அமைப்பு ஆரம்பத்திலேயே ஓட முடியாது; ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சிஎம்எல்லை எடுத்துக்கொள்வோம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மருந்து நிறுவனமான நோவார்ட்டிஸின் காப்புரிமை மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்ததால் இமாட்டினிப்பின் இந்தியத் தயாரிப்புகளுக்குத் தடை வரவில்லை. (அந்த வழக்கில் எதிர்த்து நின்றவர்களில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் மும்பையின் கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷனும் ஒன்று. நோயாளிக்காகப் பேசுவது இவ்வளவு தூரம் போகும்.) இருந்தும் மாத்திரை நிற்கிறது. உடம்பு தேறியதும் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டுவிடுகிறார்கள். அல்லது பஸ் காசு இல்லை. ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய, ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) பரிசோதனையும் தள்ளிப்போகிறது. அதை ஒரே லேபில் எடுக்கச் சொல்லுங்கள். லேப் மாறினால் எண்களை ஒப்பிடுவது சிக்கல், வீண் பீதிதான் மிஞ்சும். உதவித்தொகையை நோயாளி கையில் தராமல் லேபுக்கே கட்டுங்கள். மருந்தின் அளவைப் பற்றித் தன்னார்வலர் வாய் திறக்கக் கூடாது.

பணம் தருவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் உரிமைகளை வாங்கிக் கொடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கு வருமானச் சான்று தேவை. சிகிச்சைக்கு ரயிலில் வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. பலருக்கு இது தெரியாது.

பதிவு இதற்குப் பிறகுதான். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகம். சங்கம் என்றால் தமிழ்நாட்டின் 1975 சட்டப்படி குறைந்தது ஏழு பேர். டிரஸ்ட் எளிது, ஆனால் டிரஸ்டிகள் எல்லோரும் ஒரே வீட்டார் என்றால் வெளியார் பணம் தரத் தயங்குவார்கள். பத்திரத்தில் நோக்கத்தை 'மருத்துவ உதவி' என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். பரிசோதனைச் செலவு, பயணம், விழிப்புணர்வு, அரசிடம் கோரிக்கை வைப்பது என்று விரித்து எழுதுங்கள். கலைக்க நேர்ந்தால் சொத்து இதே போன்ற இன்னொரு தர்ம அமைப்புக்குப் போகும் என்ற விதி விடுபட்டால், வரிவிலக்குப் பதிவில் கேள்வி வரும், பத்திரத்தைத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

ரொக்க நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் கொடுத்தவருக்கு, 80ஜி என்று அறியப்பட்ட வருமான வரிச் சலுகை கிடைக்காது. சிங்கப்பூர் மாமா அனுப்பும் பணத்தில் கவனம்: அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் சிக்கலில்லை. குடியுரிமை மாறியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதியில்லாமல் தொடக் கூடாது.

மருந்து நிறுவனப் பணம் வந்தால் தொகையைக் கணக்கறிக்கையில் பெயரோடு போடுங்கள், அந்த நிறுவன மாத்திரையை எந்தக் கூட்டத்திலும் சிபாரிசு செய்யாதீர்கள். நோயாளியின் படத்தை வெளியிட, அவர் மொழியில் எழுதிய ஒப்புதல் கையெழுத்து வேண்டும். பிறகு மனம் மாறிக் கேட்டால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.