பி4: யாரும் அதிகம் ஆடாத முதல் நகர்த்தலை நம்பி ஆடுவது எப்படி

செஸ்ஸில் வெள்ளைக்கு முதல் நகர்த்தலாக 20 வழிகள் இருக்கின்றன, சிப்பாய்களால் 16, குதிரைகளால் 4. ஆனால் பெரும்பாலும் நாம் பார்ப்பது இ4, டி4, சி4, குதிரை எஃப்3 இந்த நான்கைத்தான் (காயின் பெயர் இல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் சிப்பாய் அங்கே போகிறது என்று பொருள்). மீதி எல்லாம் குப்பை என்று நினைத்துவிட வேண்டாம், அதே நேரம் எதிராளியைத் திகைக்க வைத்தால் போதும் என்று கையில் கிடைத்ததை ஆடவும் வேண்டாம். திகைப்பு இரண்டு நிமிடம்கூட நிற்காது. அதற்கப்புறமும் உங்களிடம் ஒரு திட்டம் இருக்க வேண்டும்.

அதனால் முதலில் தேர்வு. எஃப்3, ஜி4 மாதிரி ராஜாவின் முன்னால் இருக்கும் சிப்பாய்களைத் தள்ளும் நகர்த்தல்களைத் தொடாதீர்கள். எஃப்3 இ5, ஜி4 ராணி எச்4 என்று இரண்டே நகர்த்தலில் மேட் ஆகிவிடும், அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் தோற்றுவிடுவீர்கள். ஏ3 ஆபத்தில்லாதது, 1858-இல் பாரிஸில் மார்ஃபிக்கு எதிராக ஆண்டர்சன் அதை ஆடியிருக்கிறார், ஆனால் அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. என் தேர்வு பி4. ராஜா பக்கம் அப்படியே பத்திரமாக இருக்கும், ராணி பக்கம் இடம் கிடைக்கும், அடுத்த நகர்த்தலிலேயே பிஷப் பி2-க்கு வந்து ஏ1 முதல் எச்8 வரை போகும் நீளமான மூலைவிட்டத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு ஒராங்குட்டான் என்றே ஒரு பெயர் உண்டு. 1924 நியூயார்க் போட்டியின்போது செஸ் மாஸ்டர் டார்டகோவர் விலங்குக்காட்சி சாலையில் ஒரு ஒராங்குட்டானைப் பார்த்துவிட்டு வந்து மரோட்ஸிக்கு எதிராக இதை ஆடினார், தோற்றும் போனார். பிறகு சோகோல்ஸ்கி என்ற ஆட்டக்காரர் இதை ஆழமாக ஆராய்ந்ததால் அவர் பெயரிலும் அழைக்கிறார்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். நீங்கள் அதிகம் சந்திக்கப்போகும் பதில் இ5. பி4 சிப்பாய் அடிவாங்குகிறதே என்று ஏ3 ஆடிக் காப்பாற்றப் போகாதீர்கள். பிஷப் பி2 ஆடுங்கள். கறுப்பு பிஷப் பி4-ஐ எடுக்கும், உங்கள் பிஷப் இ5-ஐ எடுக்கும். இந்த ஓப்பனிங்கின் உயிரே இந்த மாற்றல்தான்: ஓரத்துச் சிப்பாய் ஒன்றைக் கொடுத்து நடுச் சிப்பாய் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அப்போதே உங்கள் பிஷப் ஜி7-ஐயும் குறிவைப்பதால் கறுப்பு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து தடுக்கும். கவனிக்காமல் டி6 என்று பிஷப்பை விரட்டினால் பிஷப் ஜி7-ஐ எடுத்து எச்8 யானையையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

ஆனால் விலை ஒன்று உண்டு, நேரம். கறுப்புக்கு ஒரு பிஷப்பும் குதிரையும் வெளியே வந்தாயிற்று, அடுத்தது காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்துவது), உங்கள் ராஜா இன்னும் நடுவில். போதாக்குறைக்கு பி4-இல் நிற்கும் கறுப்பு பிஷப் உங்கள் டி2 சிப்பாயை ராஜாவோடு கட்டிப் போட்டிருக்கும். அதனால் இங்கே தாக்குதல் எதுவும் யோசிக்காமல் சி4, இ3, குதிரை எஃப்3, பிஷப் இ2, காஸ்லிங் என்று போய்க்கொண்டே இருங்கள், குதிரை சி6-க்கு வந்து உங்கள் பிஷப்பைத் தொட்டால் சண்டை போடாமல் பி2-க்குத் திரும்புங்கள். காஸ்லிங் முடிந்ததும் யானையை பி1-இல் வைத்து, உங்கள் சிப்பாய் இல்லாத பி வரிசையில் பி7-ஐ அழுத்தலாம், நடுவில் டி4 தள்ளவும் வழி பிறக்கும்.

இ5-ஐக் காப்பாற்ற அவசரமாகக் குதிரையை சி6-இல் வைப்பவர்கள் நிறையப் பேர். உடனே பி5! குதிரை நகர்ந்தால் இ5 உங்களுக்கு. அது டி4-க்குத் தாவி வழியை மறைத்தாலும் இ3 ஆடி விரட்டிவிட்டு அதே சிப்பாயை எடுக்கலாம். குதிரைக்குப் பதிலாக எஃப்6 ஆடிக் காப்பாற்றினால்தான் ஆட்டம் மெதுவாகப் போகும், அங்கே துணிச்சல் இருந்தால் இ4 தள்ளி, பி4 சிப்பாயைக் கொடுத்துவிட்டு, பிஷப்பை சி4-இல் நிறுத்தி கறுப்பு காஸ்லிங் செய்யவிடாமல் தடுக்கலாம்.

டி5 பதில் அமைதியானது. பிஷப் பி2, இ3, பிறகு கறுப்பு இ6 ஆடி பி4-ஐத் தொட்டதும் பி5 தள்ளுங்கள், சி6 கட்டம் குதிரைக்கு இல்லாமல் போகும். கறுப்பு சி5 ஆடினால் போகிற போக்கில் பிடிக்கும் உரிமை (இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை ஒரு கட்டமே போனதுபோல எடுப்பது) உங்களுக்கு இருந்தாலும் பெரும்பாலும் எடுக்காமல் விடுவதே நல்லது, எடுத்தால் அந்தக் குதிரைக்கு நீங்களே வழி திறந்து கொடுத்த மாதிரி ஆகும். குதிரை எஃப்3, பிறகு அதே குதிரை இ5, அதன் பின்னால் சிப்பாய் எஃப்4: இந்த அமைப்பு கைக்கு வந்துவிட்டால் ராஜா பக்கத் தாக்குதல் தானாக உருவாகும்.

கொஞ்சம் தந்திரமான பதில் சி6. ராணியை பி6-க்கும் சிப்பாயை ஏ5-க்கும் கொண்டுவந்து பி4-ஐ நொறுக்குவதுதான் நோக்கம். பிஷப் பி2 ராணி பி6, ஏ3 ஏ5, சி4 ஆடுங்கள். ஏ சிப்பாய் பி4-ஐ எடுத்தால் திருப்பி எடுக்காமல் சி5! ராணி அந்தச் சிப்பாயை எடுத்தால் உங்கள் ஏ சிப்பாய் பி4-ஐ எடுத்து ராணியைத் தாக்கும், ஏ வரிசையும் திறந்துவிடும். ராணி ஓடினால் ஏ8 யானை போகும், யானை ஏ1-ஐ எடுத்தால் ராணி போகும். விவரம் தெரிந்தவர் ராணியை சி7-க்கு இழுத்துக்கொள்வார், அப்போதும் பி4-ஐ மீட்டுக்கொண்டு ராணி பக்கம் நல்ல இடத்தோடு ஆடலாம்.

செஸ் ஆடும் கணினி நிரலான எஞ்சினைக் கேட்டால் பி4-க்கு ஏறத்தாழ சமம் என்றுதான் சொல்லும், வெள்ளைக்கு இயல்பாக வரும் சிறு சாதகம் போய்விடும். அதைத் தெரிந்தேதான் ஆடுகிறோம். முதலில் 10 நிமிட ஆட்டங்களில் பழகுங்கள், அதைவிட வேகமான பிளிட்ஸில் ஆரம்பித்தால் திட்டம் எதுவும் மனதில் பதியாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு முதல் 10 நகர்த்தல்களை மட்டும் திரும்பப் பாருங்கள், கறுப்பு என்ன பதில் ஆடியது, எந்த இடத்தில் நேரத்தை வீணாக்கினீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இ5 வரிசை பழகிய பிறகே போட்டிகளில் இறக்குங்கள், அங்கே எதிராளி உண்மையிலேயே பலகையைப் பார்த்து யோசிக்க நேரம் இருக்கும்.