ஆய்வக மென்பொருளில் கிராஃப் சேர்க்கும்போது சறுக்கும் இடங்கள்

சென்சார் டேட்டா ஒழுங்காகப் பதிவாகிக்கொண்டிருக்கும். "அப்படியே கிராஃபும் தெரிந்தால் நன்றாக இருக்குமே" என்று யாராவது கேட்பார்கள். கிராஃப் வந்ததும் பதிவில் ஓட்டை விழ ஆரம்பிக்கும். டேட்டாவைப் படிக்கிற த்ரெட்டிலேயே (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர்) வரைவதுதான் காரணம். திரையைப் புதுப்பித்து முடிப்பதற்குள் கருவியின் பஃபர் (டேட்டாவைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் நினைவகம்) நிரம்பி வழிந்துவிடும். படிப்பதும் கோப்பில் எழுதுவதும் தனி, வரைவது தனி என்று பிரித்துவிடுங்கள். திரை பின்தங்கினால் பின்தங்கட்டும்.

இது சீக்கிரம் மாட்டிக்கொள்ளும் தவறு. மாட்டாமல் ஏமாற்றுவது, புள்ளிகளைக் குறைத்து வரைவது. நொடிக்கு 10,000 சாம்பிள் (ஒவ்வொன்றும் ஓர் அளவீடு) என்றால் 10 நிமிடத்தில் 60 லட்சம் புள்ளிகள். திரையின் அகலமோ 1,920 பிக்சல்தான். சரி, 200-க்கு ஒன்று எடுத்து வரைவோம் என்று முடிவெடுத்தால், திரைக்கு வருவது நொடிக்கு 50 புள்ளி. சிக்னலில் 50 ஹெர்ட்ஸ் மின்இரைச்சல் இருந்தால், ஒவ்வொரு முறையும் அலையின் அதே இடத்தில் புள்ளி விழும். இரைச்சல் நேர்கோடாகி மறைந்துபோகும். 51 ஹெர்ட்ஸ் என்றால் இன்னும் மோசம்: நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும், இல்லாத அலை ஒன்று தெரியும். அதை வைத்துக் கட்டுரையே எழுதிவிடலாம்! ஒவ்வொரு பிக்சலுக்குள் வரும் சாம்பிள்களின் மிகக் குறைந்த மதிப்பையும் மிக அதிக மதிப்பையும் எடுத்து, இரண்டுக்கும் நடுவே கோடு போடுங்கள். ஒரே ஒரு சாம்பிளில் வந்துபோன துள்ளல்கூடத் தப்பாது.

ஃபில்டர் (இரைச்சலை வடிகட்டும் கணக்கு) போட்டதை மூல டேட்டாவின் மேலேயே எழுதுவதற்கு மன்னிப்பே கிடையாது. மூலம் அப்படியே இருக்கட்டும். ஃபில்டரின் அமைப்புகளைப் பக்கத்தில் சேமியுங்கள். ஓடும்போதே போடும் ஃபில்டர் சிக்னலைத் தாமதமாக்கும். பதிவு முடிந்த பிறகு ஃபில்டரை முன்னும் பின்னுமாக ஓட்டினால் தாமதம் போய்விடும், ஆனால் தூண்டுதல் கொடுப்பதற்கு முன்பே விளைவு தொடங்கியதுபோலத் தெரியலாம். எதிர்வினை நேரத்தை அளப்பவர்கள் இதில் உஷாராக இருக்க வேண்டும்.

அப்புறம் எஃப்எஃப்டி, அதாவது சிக்னலில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு. சராசரியைக் கழிக்காவிட்டால் பூஜ்ஜிய ஹெர்ட்ஸில் எழும் கோபுரம் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். ஹான் விண்டோ (டேட்டாவின் இரு ஓரங்களையும் மெல்லப் பூஜ்ஜியமாக்கும் பெருக்கல்) போட்டால் உச்சத்தின் உயரம் பாதியாகும். அதைத் திருத்தாமல் வோல்ட் அலகில் காட்டாதீர்கள். ஒரு நொடி டேட்டாவுக்கு 1 ஹெர்ட்ஸ் துல்லியம்தான். டேட்டாவின் கடைசியில் பூஜ்ஜியங்களைச் சேர்த்தால் வளைவு வழவழப்பாகுமே தவிர, நெருங்கிய இரண்டு அதிர்வெண்கள் பிரியாது.

நேர அச்சுக்குக் கணினிக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். டேட்டா தொகுதி வந்துசேர்ந்த நேரத்தைத்தான் அது சொல்லும். சாம்பிளின் வரிசை எண்ணை, நொடிக்கு எத்தனை சாம்பிள் என்ற எண்ணிக்கையால் வகுங்கள்.

வெளியிடுவதற்கு முன், 2 வோல்ட் வீச்சும் 7 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் கொண்ட சைன் அலையை உள்ளே விட்டு, எஃப்எஃப்டியில் அதே 7-உம் அதே 2-உம் வருகிறதா என்று பாருங்கள்.