கோட்டா இல்லாமல் கல்லூரி பேஸ்பால் அணியில் பிட்சராக நுழைவது எப்படி? டெல்டா பையன்களுக்கு

நான் மன்னார்குடிப் பக்கம். பள்ளியில் எந்த அணியிலும் இருந்ததில்லை, கல்லூரியில் பி.காம் கிடைத்ததும் மார்க்கை வைத்துத்தான், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இல்லை. இரண்டாம் வருடம் பேஸ்பால் அணியின் ஓரத்தில் போய் நின்றேன், மூன்றாம் வருடம் பல்கலைக்கழக அணியோடு பஸ் ஏறினேன். அமெரிக்கக் கல்லூரிகளில் உதவித்தொகையும் இல்லாமல் அழைப்பும் இல்லாமல் தானாக வந்து அணியில் இடம் பிடிப்பவனை 'வாக்-ஆன்' என்கிறார்கள். நம் ஊரில் அதற்குப் பெயரெல்லாம் கிடையாது, "யார்றா நீ, எந்த டிபார்ட்மென்ட்?" என்ற கேள்விதான் உண்டு. அந்தக் கேள்வியைத் தாண்டி உள்ளே போவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பேஸ்பாலில் பந்து வீசுபவன்தான் பிட்சர். நீ குறி வைக்க வேண்டிய இடம் ரிலீஃப் பிட்சர் இடம். ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர் களைத்தாலோ அடி வாங்கினாலோ நடுவில் இறங்கி வீசுபவன்தான் ரிலீஃப். கல்லூரி அணிகளில் நல்ல பிட்சர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், இருவருமே கோட்டாப் பையன்களாக இருப்பார்கள், பி.டி. சார் அவர்களைத்தான் நம்புவார், அதில் தப்பும் இல்லை. ஆனால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி என்றால் இரண்டு மூன்று நாளில் எல்லா ஆட்டத்தையும் முடித்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்திக்குப் பரிமாற ஆள் முண்டியடிக்கும், மூன்றாவது பந்திக்கு வாளி தூக்க ஒருவனும் இருக்க மாட்டான் இல்லையா, அதே கதைதான். இரண்டாம் நாள் சாயங்காலம் முதல் பிட்சருக்குத் தோள் தூக்க முடியாது, அப்போது சார் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் கண்ணில் நீ பட வேண்டும்.

சரி, உன்னிடம் கை இருக்கிறதா? டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வேகமாகப் போடுகிறவன் எல்லோரும் தனக்குத்தான் இது என்று நினைக்கிறான். கிரிக்கெட்டில் முழங்கையை நீட்ட 15 டிகிரிக்கு மேல் அனுமதி இல்லை, பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறிவதுதான் முறை, இரண்டும் வேறு வேலை. பவுலரை விட, பவுண்டரி ஓரத்திலிருந்து கீப்பர் கைக்கு நேராக எறிகிறானே அவனும், ஈட்டி எறிகிறவனும்தான் இதற்குச் சரியான ஆள். 2008-ல் இந்தியா முழுக்கத் தேடிப் பார்த்த ஒரு டிவி போட்டியில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவருமே உத்தரப்பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள். பேஸ்பால் பந்தையே அதற்கு முன் தொட்டதில்லை. அந்த வருடமே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது, 2009-ல் ரிங்கு அமெரிக்காவில் கீழ்மட்ட லீக்கில் ஒரு ஆட்டத்தை வென்றும் கொடுத்தார். ஆகவே மாங்காய் அடிக்கிற கையை மட்டமாக நினைக்காதே. உச்சாணிக் கிளையில் இருக்கிற ஒரு காயைக் குறிவைத்து பத்துக் கல்லில் எத்தனை படுகிறது என்று பார், எனக்கு அதுதான் முதல் தேர்வு.

வேகத்தை அளக்க ரேடார் துப்பாக்கி தேடி அலைய வேண்டாம். செல்போனில் நொடிக்கு 60 ஃபிரேம் வைத்துப் பக்கவாட்டில் நின்று படம் எடுக்கச் சொல். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் (அடிப்பவன் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த பட்டை) வரை 60 அடி 6 அங்குலம், அதாவது 18.44 மீட்டர். காலை நீட்டி விடுவதால் கையை விட்டுப் பந்து கிளம்புவது சுமார் 17 மீட்டர் தூரத்தில். கையை விட்டதிலிருந்து பிளேட்டைத் தொடும் வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணு. 36 வந்தால் மணிக்கு 100 கிலோமீட்டர் சுமார். 30 வந்தால் 120-ஐத் தொட்டுவிட்டாய், கல்லூரி அணிக்கு அது தாராளம். 25 வந்தால் 145-க்கு மேல், அப்படி வந்தால் தயவுசெய்து இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மாநில சங்கத்துக்காரர்களைப் போய்ப் பார். எனக்கு ஆரம்பத்தில் 35 வந்தது. அதோடுதான் உள்ளே போனேன், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பயிற்சிக்கு இடம். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததிலிருந்து ஜூனில் ஆற்றில் தண்ணீர் வரும் வரை வயல்தான் நம் ஸ்டேடியம். ஆனால் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே நின்ற பயிருக்குள் உளுந்தோ பயறோ தெளித்திருப்பார்கள், வெறும் தாள் கிடக்கிறது என்று நினைத்து நீ மிதித்துவிட்டால் வயல்காரர் மண்வெட்டியோடு வருவார். தெளிக்காத வயலாகப் பார்த்து, கேட்டுக்கொண்டு இறங்கு. பிட்சர் நின்று வீச ஒரு மேடு கட்ட வேண்டும். ஆட்ட மைதானத்தில் அது 10 அங்குல உயரம், அதிலிருந்து பிளேட் பக்கமாக ஒவ்வொரு அடிக்கும் ஓர் அங்குலம் இறங்கும். முழு வட்டமும் வேண்டியதில்லை, நாலடி அகலத்தில் ஒன்பதடி நீளத்துக்கு ஒரு துண்டு போதும். நம் களிமண்ணை மட்டும் போட்டால் பங்குனி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துவிடும், நான் முதல் வருடம் அப்படிக் கட்டி வெடிப்பில் கால் மாட்டிக் கணுக்கால் பிசகி பதினைந்து நாள் வீட்டில் கிடந்தேன். கொஞ்சம் மணலும் பதரும் கலந்து, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கட்டு. பிளேட்டின் அகலம் 17 அங்குலம், பழைய லாரி டயர் டியூபை வெட்டிப் போட்டால் போதும். அதன் மேலே இரண்டு மூங்கில் நட்டு, பேட்ஸ்மேனின் முட்டிக்கு ஒரு கயிறு, நெஞ்சுக்கு ஒரு கயிறு, இரண்டு பக்கமும் 17 அங்குல இடைவெளியில் தொங்கும் கயிறு. அந்தச் சதுரம்தான் ஸ்டிரைக் சோன், நல்ல பந்து அதற்குள்தான் போக வேண்டும். பின்னால் களத்துத் தார்ப்பாயைக் கட்டிவிடு, பந்து பொறுக்க வாய்க்கால் வரை ஓட வேண்டாம். அதிகாலைப் பனியில் மட்டும் வீசாதே, தாளில் உருண்ட பந்து ஈரம் குடித்து இரண்டே நாளில் ஊதிவிடும், அந்தப் பந்து சும்மா கிடைப்பதில்லை.

ஒரு நோட்டு போடு. தினம் 30 பந்து, கயிற்றுச் சதுரத்துக்குள் எத்தனை போனது, அவ்வளவுதான் கணக்கு. எனக்கு முதல் வாரம் ஒன்பது. இரண்டு மாதம் கழித்து பத்தொன்பது. வேகம் இந்த இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட ஏறவே இல்லை. ஆனால் நம் மட்டத்துப் போட்டிகளில் ஆட்டம் தோற்பது அடி வாங்கி அல்ல, 'வாக்' கொடுத்துக் கொடுத்துத்தான். நாலு பந்து வெளியே போனால் பேட்ஸ்மேன் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போய்விடுவான். பேஸ் என்றால் ஓடுகிறவன் நிற்கும் இடம், மூணு பேஸையும் தாண்டி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். மூணு பேரை இப்படி நடக்க விட்டால் பேஸ் எல்லாம் நிரம்பிவிடும், நாலாவது ஆளும் நடந்தால் மூணாவது பேஸில் நிற்பவன் ஓடாமலே ரன் எடுப்பான். 130-ல் வீசி மூணு பேரை நடக்க விடுகிறவனை விட 105-ல் வீசி சதுரத்துக்குள் போடுகிறவனைத்தான் சார் இறக்குவார். இதை எழுதி ஒட்டிக்கொள்.

எறியும் வகை? இரண்டு போதும். தையல் குதிரை லாடம் மாதிரி வளைகிற இடத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் குறுக்கே வைத்து எறிவது ஃபோர்-சீம், நேராகப் போகும். அதே கை வேகத்தில், பந்தை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து விடுவது சேஞ்ச்-அப், மெதுவாகப் போகும், அடிப்பவன் முன்னாலேயே மட்டையைச் சுற்றிவிடுவான். யூடியூப் பார்த்து கர்வ் (வளைந்து விழும் பந்து) கற்றுக்கொள்கிறேன் என்று முழங்கையை முறுக்கிக்கொள்ளாதே. ஒரே ஒரு பந்தை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று கேட்டால், பனாமா நாட்டில் புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீன்பிடி கிராமத்துக்காரர் மரியானோ ரிவேராவைப் பார். அப்பாவோடு படகில் வலை இழுத்தவர், சின்ன வயதில் பால் அட்டைப்பெட்டியைக் கையுறையாக மாட்டி விளையாடியவர். ஷார்ட்ஸ்டாப்பாகத்தான் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஆடிக்கொண்டிருந்தார், ஒருநாள் அணியின் பிட்சர் சொதப்பியதால் நான் வீசுகிறேன் என்று ஏறினார், அப்படித்தான் 1990-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் கண்ணில் பட்டார். பிற்பாடு பெரும்பாலும் 'கட்டர்' என்ற ஒரே வகையை வைத்தே 652 சேவ் எடுத்தார். முன்னிலையில் இருக்கும் அணியைக் கடைசியில் இறங்கிக் காப்பாற்றிக் கொடுத்தால் அது ஒரு சேவ். அமெரிக்காவின் முதல்தர லீக்கான மேஜர் லீக் வரலாற்றில் அவரைவிட அதிகம் எடுத்தவர் இல்லை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் வலை இழுத்துப் பழகிய தோள் எத்தனை சும்மா இருக்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இப்போது பி.டி. சாரிடம் போகும் விஷயம். "சார், ஒரு சான்ஸ் கொடுங்க" என்று அறைக்குள் போய் நிற்காதே. நான் அப்படித்தான் போனேன், "செலக்ஷன் எல்லாம் முடிஞ்சுடுச்சுப்பா" என்று பதில் வந்தது, அவர் பார்வையில் அது நியாயமும்கூட. அடுத்த வாரம் மைதானத்துக்கே போய் வலைக்குப் பின்னால் பந்து பொறுக்கினேன். நாலு நாள் கழித்து, பேட்டிங் பயிற்சிக்குப் பந்து போட ஆள் வேண்டுமா அண்ணா என்று கேப்டனிடம் கேட்டேன். இந்தக் கேள்விக்கு எந்த அணியிலும் வேண்டாம் என்ற பதில் வராது, ஏனென்றால் பெரிய பிட்சர்கள் கையை மிச்சம் பிடிப்பார்கள், அடிப்பவர்களுக்கோ நூறு பந்து அடித்தாக வேண்டும். அங்கே உன் வேலை அடிக்கிற மாதிரி போடுவது. வித்தை காட்டுவது இல்லை. மூன்றாம் நாள் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறி, முழு வேகத்தில் ஒன்று விட்டு கேப்டனின் விலாவில் போட்டேன். ஒரு வாரம் மறுபடி பந்து பொறுக்கினேன். அதன் பிறகு மூன்று வாரம் ஒழுங்காகச் சதுரத்துக்குள்ளேயே போட்டதில்தான் சார், "அந்த ஒல்லிப் பையன் பேரென்ன?" என்று கேட்டார்.

அணிக்குள் வந்த பிறகு பலரும் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். எல்லோரும் கையை மேலே தூக்கி, காலை ஆட்டி, முழு 'விண்ட்-அப்' செய்து பழகுவார்கள். ரிலீஃப் பிட்சர் இறங்கும்போது பேஸில் ஏற்கெனவே ஆள் நிற்பான், அவ்வளவு நேரம் எடுத்தால் அவன் அடுத்த பேஸுக்குத் திருடி ஓடிவிடுவான். ஆகவே நீ பழக வேண்டியது பக்கவாட்டில் திரும்பி நிற்கும் 'ஸ்ட்ரெட்ச்'. இரண்டு கையும் நெஞ்சு முன்னால் சேர்ந்ததும் முழுதாக ஒரு நிறுத்தம் வேண்டும், நிறுத்தாமல் எறிந்தால் 'பாக்', பேஸில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரு பேஸ் இலவசமாக நகர்வார்கள். காலை ரப்பரில் (மேட்டில் பதித்த பட்டையில்) வைத்துக்கொண்டு முதல் பேஸுக்கு எறிவது போலப் பாசாங்கு காட்டினாலும் பாக்தான். திருச்சியில் நடந்த என் முதல் போட்டியில், சமநிலையில், மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது இறக்கினார்கள். கை நடுங்கியது, நிறுத்தம் வரவில்லை, அம்பயர் கையை உயர்த்தினார், அவன் சிரித்துக்கொண்டே நடந்து வந்து ரன் எடுத்தான். நான் அதுவரை ஒரு பந்துகூட வீசவில்லை! அன்று ராத்திரி கும்பகோணம் வழி பஸ்ஸில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு வீட்டில் பந்தே இல்லாமல், கண்ணாடி முன்னால், கை சேர்த்து, ஒன்று என்று மனதில் எண்ணி, அப்புறம் எறிவது என தினம் ஐம்பது தடவை.

இன்னொன்று, உடம்பைச் சீக்கிரம் சூடாக்கப் பழகு. கூப்பிட்டால் மேட்டில் கிடைப்பது பொதுவாக எட்டு எறிதல். ஆகவே மூன்றாவது இன்னிங்ஸிலிருந்தே கூப்பிடாமலே எழுந்து ஓரமாக ஓடு, தோளைச் சுற்று, நாலு பந்து மெதுவாக எறி.

கையைப் பார்த்துக்கொள்வது பற்றி அமெரிக்காவில் 19 முதல் 22 வயதுக்காரர்களுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் 30 பந்து வரை என்றால் மறுநாளே வீசலாம், 31 முதல் 45 வரை ஒரு நாள் ஓய்வு, 46 முதல் 60 வரை இரண்டு நாள். பயிற்சியில் போடும் பந்தையும் இதில் சேர். முழங்கையின் உள்பக்கம் வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு வீசாதே, அங்கே இருக்கும் தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சைதான், டாமி ஜான் என்ற பிட்சருக்கு 1974-ல் முதலில் செய்ததால் அவர் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள், திரும்ப வீச ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நெல் மூட்டை தூக்குகிற நாளில் பந்தைத் தொடாதே, அப்பாவிடம் பந்துதான் முக்கியம் என்று சொல்லவும் முடியாது.

காகித விஷயம் சுருக்கமாக. தஞ்சாவூர், திருவாரூர் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட்டால் பல்கலைக்கழகத் தேர்வு, அதன் பிறகு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ் நகல்களைப் பையிலேயே வைத்திரு, தேர்வான பிறகு சான்றிதழுக்காக ஊருக்கு ஓடி இடத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். வாங்கும் சான்றிதழையும் பத்திரப்படுத்து. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை 2020-ல் 43-லிருந்து 63 ஆக்கியபோது பேஸ்பாலும் அதில் சேர்ந்தது.

சம்பளம் வாங்கி ஆடுவது? ரிங்கு, தினேஷ் போன பாதை உண்டு. துபாயில் 2023-ல் காட்சி ஆட்டங்களோடு தொடங்கிய பேஸ்பால் யுனைடெட் லீக்கில் மும்பை பெயரில் ஓர் அணியும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்கு 25 ஃபிரேம் கணக்குக்காரன் வேண்டும். நான் கடைசியாக எண்ணியபோது எனக்கு 31.

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்தால் கொஞ்ச நாளில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும். அதற்குள் நீ கட்டிய மேட்டை மண்வெட்டியால் உடைத்து, மண்ணை இழுத்துச் சமன் செய்து, மூங்கிலைப் பிடுங்கி வயல்காரர் வீட்டுத் திண்ணையில் சாத்தி வைத்துவிடு. இல்லாவிட்டால் அடுத்த தைக்கு அந்த வயல் உனக்குக் கிடைக்காது.