போதுமென்கிற மனதைத் தேடிப்போய் நாம் இடறும் இடங்கள்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்து, பாட்டுப் பாடி, ஒருவருக்கொருவர் கைகொடுத்து முடித்த பிறகு, தட்டில் குவித்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுப்போம். ஒவ்வொன்றிலும், வரும் வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்காக ஒரு பைபிள் வசனம் இருக்கும். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குப் புதுவருஷம் என்றால் அந்தத் தட்டுதான். "உனக்கென்ன வந்துச்சு?" என்ற விசாரிப்பு தெருமுனை வரைக்கும் நடக்கும்.

ஒரு வருஷம் எனக்கு வந்தது யோபு 8:7. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." பதவி உயர்வு வரும் என்று காத்திருந்த வருஷம் அது. பீரோக் கண்ணாடியில் ஒட்டிவைத்துத் தலை சீவும்போதெல்லாம் படித்தேன். பதவி உயர்வு என்னைவிட நாலு வருஷம் இளையவருக்குப் போனது. கடன் வாங்கியவன் வாக்குத் தவறினால் எரிச்சல் வருமே, அந்த மாதிரி ஓர் எரிச்சல் ஆண்டவர்மேல் வந்தது. ஜெபிக்க உட்கார்ந்தாலும் உள்ளுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் வாக்கில் யோபு புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தபோதுதான் தெரிந்தது, அந்த வார்த்தையைச் சொன்னது கடவுளே இல்லை. சொன்னவர் யோபின் நண்பர்களில் ஒருவர், சூகியனான பில்தாத். ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் பறிகொடுத்துச் சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் போனார்கள் என்ற பொருளில் பேசிவிட்டு, நீ சுத்தமாயிருந்தால் உன் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்கிறார். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுள் இந்த நண்பர்களைப் பற்றி, "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று கோபிக்கிறார். எந்தப் பேச்சுக்காகத் திட்டு விழுந்ததோ, அதை நான் கண்ணாடியில் ஒட்டியிருந்தேன். (யோபின் முடிவு நன்றாகத்தான் அமைந்தது, மறுக்கவில்லை. ஆனால் பில்தாத் சொன்ன காரணத்தால் அது அமையவில்லை.)

நான் செய்த முதல் தவறு இது. வசனத்தை லாட்டரிச் சீட்டாக்கிவிட்டேன். இதில் நான் மட்டும் என்றும் நினைக்கவில்லை. எரேமியா 29:11 தெரியாத கிறிஸ்தவ வீடு உண்டா? "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது கல்யாணப் பத்திரிகையிலும் வருகிறது, ஆட்டோவின் பின்புறத்திலும் வருகிறது. எழுபது வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவீர்கள் என்ற கணக்கு அதற்கு முந்தின வசனத்தில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. அவர்களுக்கு அந்தக் கடிதம் முதலில் சொன்ன வேலை என்ன தெரியுமா? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். போக ஆசைப்படும் ஊரை மனதில் வைத்துக்கொண்டு, இருக்கிற ஊரில் செடி நடுவது. போதுமென்கிற மனதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. 11-ஐ மட்டும் வெட்டி அட்டையில் போட்டால் இது கைநழுவிவிடும்.

அதிகாரக் கணக்கு

பைபிளில் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரியில், பலி முறைகளும் சட்டங்களுமாக நீளும் லேவியராகமத்தில் கால் சிக்கி நின்றவர்கள் கை தூக்குங்கள் என்றால் நான் இரண்டு கையையும் தூக்குவேன். ஒரு வருஷம் எப்படியோ முடித்தும்விட்டேன். கட்டம் கட்டமாக டிக் போட்ட அந்தத் தாளைப் பார்த்தபோது இருந்த பெருமை சொல்லி மாளாது. ஆனால் செப்டம்பரில் என்ன வாசித்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து ராத்திரி ஒன்பது அதிகாரம் ஓட்டியது மட்டும் நினைவிருக்கிறது. பசிக்குச் சாப்பிடாமல் பாக்கி தீர்க்கச் சாப்பிட்ட மாதிரி.

முழுவதும் வாசிப்பது தவறில்லை, எல்லோரும் ஒருமுறையாவது செய்ய வேண்டியது. அதை வைத்து ஆத்துமாவின் ஆரோக்கியத்தை அளப்பதுதான் கோளாறு. இப்போது நான் காலையில் ஒரு சங்கீதத்தை, அதாவது பைபிளிலுள்ள ஜெபப் பாட்டு ஒன்றை, வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தடவை வாசிக்கிறேன். அவ்வளவுதான். 131-ஆம் சங்கீதத்தில் மூன்றே வசனம். "பால்மறந்த குழந்தையைப்போல்" என் ஆத்துமா இருக்கிறது என்கிறது அது. பல வருஷம் அதை "தூங்குகிற குழந்தை" என்ற மாதிரிதான் வாசித்துக் கடந்தேன். தங்கை மகளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. பால் குடிக்கிற வயதில் அம்மா மடியில் ஏறியவுடன் சேலையைப் பிடித்து இழுப்பாள், கிடைக்காவிட்டால் அழுகை. மறக்கடித்த நாட்களில் வீடே ரெண்டுபட்டது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அதே மடியில் ஏறி, எதையும் தேடாமல், அம்மாவின் வளையலை உருட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எதுவும் கேட்காமல் மடியில் இருப்பது பிறவியிலேயே வருவதில்லை, அழுது பழகித்தான் வருகிறது. அப்போஸ்தலன் பவுலும் "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்றுதான் எழுதுகிறார். கற்றுக்கொண்டேன் என்பதை நாம் வேகமாக வாசித்துவிடுகிறோம்.

உபவாசத்தில் பேரம்

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலம் லெந்து. அது ஆரம்பிக்கும் சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் நாட்கள், உபவாசக் கணக்கில் சேராது. அதனால்தான் லெந்து நாட்கள் நாற்பது. இது தெரியாமல் ஞாயிறன்றும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அது சின்ன விஷயம். பெரிய விஷயம், கறி மீனை விட்டுவிட்டு அதற்குப் பதிலாக என்ன கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது. மகனுக்கு சீட் கிடைக்க மூன்று நாள், மகளுக்கு வரன் அமைய ஏழு நாள் என்று நாமே விலைப்பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். கேட்பதில் தப்பில்லை, அப்பாவிடம் பிள்ளை கேட்காமல் யார் கேட்பது. சாப்பாட்டை அடகு வைத்துக் கேட்கும்போதுதான் பேரமாகிறது. ஏசாயா 58-ஆம் அதிகாரம் முழுக்க இந்தப் பேரத்துக்கு விழுந்த அடிதான். உபவாசம் இருந்தோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கேட்க, உபவாச நாளிலும் வேலைக்காரரை வாட்டுகிறீர்களே என்று பதில் வருகிறது. பசியுள்ளவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்கிறது. கறிக்கடைக்குப் போகாத நாற்பது நாளில் மிஞ்சிய காசு எங்கே போனது என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பன்னீருக்கும் ஈஸ்டர் துணிக்கும் போயிருந்தது.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்க வேண்டாம். விசுவாசத்தையும் மயக்கத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கொடுப்பதிலும் இதே பேரம்தான். பத்தில் ஒன்று கொடுத்தால் வானத்தின் பலகணி திறந்து ஆசீர்வாதம் கொட்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது. எங்கள் ஆச்சிக்குக் கணக்குத் தெரியாது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண்கலயம் இருக்கும். உலைக்கு அரிசி எடுக்கும்போது முதலில் ஒரு பிடி கலயத்தில் விழும், பிறகுதான் படியைத் தொடுவாள். ஞாயிற்றுக்கிழமை அதை மஞ்சள்பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். பிடி அரிசிக் காணிக்கை. வீட்டில் ஆள் கூடியிருந்த ஒருநாள், "நமக்கே பத்தாது போலருக்கே ஆச்சி" என்றேன். "அளந்த பொறவு எடுத்தாத்தாம்ல பத்தாது. அதுக்குத்தான் அளக்க முந்தி எடுக்கது" என்றாள்.

வேறே கோயில், வேறே பிரசங்கியார்

நாலாம் நூற்றாண்டில் எகிப்திய வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், மத்தியானப் பிசாசு என்று ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். வெயில் உச்சிக்கு வந்ததும் அது வரும். பொழுது நகராது. சூரியன் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். இந்த இடம் சரியில்லை, கூட இருக்கிறவர்களிடம் அன்பில்லை, வேறெங்காவது போனால் ஆண்டவரை இன்னும் நன்றாகச் சேவிக்கலாம் என்று காதில் ஓதும். இப்போது அந்தப் பிசாசுக்கு மத்தியானம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, போனைத் திறந்தால் போதும். காலையில் சொந்தச் சபை, சாயங்காலம் இன்னொரு கூட்டம், ராத்திரி யூடியூபில் மூன்றாவது பிரசங்கம், அதன்பிறகும் "ஏதோ குறையுது".

அடுத்தவருக்குப் போதித்த திருப்தி

இதை எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. நான் உறுப்பினராக இருந்த ஒரு சபைக் கமிட்டியில், கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிறவர் சம்பளம் கூட்டிக் கேட்டு எழுதியிருந்தார். காகிதத்தை வாசித்து முடித்ததும் ஒருவர், "போதுமென்கிற மனதுடனே கூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்னு வேதம் சொல்லுதே" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். நான் பேசவில்லை. எனக்கும் அது பொருத்தமான வசனமாகத்தான் பட்டது என்பதை மறைக்க முடியாது.

அது 1 தீமோத்தேயு 6:6. அதே நிருபத்தில், அதாவது கடிதத்தில், ஒரு பக்கம் முன்னால் திருப்பினால் 5:18. "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்." பின்னால் போனால் 6:17, ஐசுவரியவான்களுக்கு எச்சரிக்கை. நடுவில் உள்ளதைப் பிடுங்கி, கேட்டு வந்த ஏழையின் வாயில் திணித்திருக்கிறோம். போதும் என்பதை ஒருவர் தன் தட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து இலையைப் பார்த்துச் சொன்னால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. பவுல் "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்று எழுதியதே, காவலில் இருந்த தனக்கு எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பி சபையார் அனுப்பிய உதவிக்கு நன்றி சொல்லும் கடிதத்தில்தான். அவர்கள் "உமக்குத்தான் மனரம்மியம் இருக்கிறதே" என்று சும்மா இருந்துவிடவில்லை. உதவி வேண்டாம் என்று அவரும் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த கூட்டத்தில் 5:18-ஐ வாசித்தேன். சம்பளம் கூடியது, அவர் கேட்ட அளவுக்கு இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று, அழுதால் விசுவாசக் குறைவு என்று நினைப்பது. துக்க வீட்டில் "ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று அவசரப்படுத்துகிறவர்கள் 88-ஆம் சங்கீதத்தை ஒருமுறை வாசிக்கட்டும். அது இருட்டிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் பைபிளில் வைத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 31-இல் இப்போதும் அந்தத் தட்டில் கையை விட்டு ஓர் அட்டை எடுக்கிறேன். பழக்கத்தை விட மனமில்லை, விடவேண்டிய அவசியமும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் படுக்கை. போன தடவை வந்தது சங்கீதம் 37:4, "அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்." சங்கீதம் நீளம், நாற்பது வசனம். தூக்கக் கலக்கத்தோடு 16-க்கு வந்தபோது, துன்மார்க்கர் அநேகருடைய செல்வத்தைவிட நீதிமானுக்கு உள்ள கொஞ்சமே நல்லது என்று இருந்தது. அந்த வசனத்தை இதுவரை ஒரு அட்டையிலும் நான் பார்த்ததில்லை.