பழைய 12-வால்வு கம்மின்ஸ் பிக்கப்பில் சக்தியைக் கூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1994 முதல் 1998 மாடலின் முற்பகுதி வரை விற்கப்பட்ட டாட்ஜ் ராம் பிக்கப்புகளில் உள்ள 5.9 லிட்டர் கம்மின்ஸ் 12-வால்வு எஞ்சினுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை. டீசலை அளந்து கொடுப்பதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லாத பாஷ் பி7100 இன்லைன் பம்ப்தான் அதற்கு முதல் காரணம். ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்மின்ஸ் தயாரித்த இதே 6பிடி குடும்பத்து எஞ்சின் நம் லாரிகளிலும் ஓடியதால், இங்கே சொல்லப்படும் பலவும் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. தொழிற்சாலையிலிருந்து 160 முதல் 215 குதிரைத்திறனுடன் வந்த இந்த எஞ்சினில், புதிய பாகம் எதுவும் வாங்காமல் சில போல்ட்டுகளைத் தளர்த்தியே டீசலைக் கூட்டிவிடலாம். பல நல்ல எஞ்சின்கள் கெட்டுப்போவதற்கும் இந்த எளிமையே வழிவகுக்கிறது. கூட்டிய டீசல் எரியத் தேவையான காற்றும், கூடிய முறுக்குவிசையைத் தாங்கும் கிளட்ச்சும் முன்பே தயாராக இல்லாவிட்டால் அந்தச் சக்தி வண்டிக்குப் பகையாகிவிடும்.

வண்டி இழுக்கவில்லை என்றவுடன் பம்பைத் திறப்பதுதான் முதல் தவறு. கால் நூற்றாண்டைத் தாண்டிய ஒரு வண்டி, தான் பிறந்தபோது இருந்த சக்தியையே முழுமையாகத் தருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவரைப் பெடலை முழுவதும் மிதிக்கச் சொல்லி, பம்பின் அருகில் நின்று லிவரைக் கவனியுங்கள். கேபிள் நீண்டோ இணைப்புகள் தேய்ந்தோ போயிருந்தால், லிவர் ஸ்டாப்பைத் தொடாமல் சில மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடும். அதைச் சரிசெய்தாலே வண்டி வேறு வண்டியாகத் தோன்றுவதுண்டு. அடுத்து, ஃபில்டருக்கு அப்பால் ஒரு கேஜ் வைத்து டீசல் அழுத்தத்தை அளக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் அது 25 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பையும், இன்ஜெக்ஷன் பம்பின் பக்கத்திலுள்ள ஓவர்ஃப்ளோ வால்வையும் சோதிக்க வேண்டும். அந்த வால்வின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், பம்புக்குள் நிற்க வேண்டிய டீசல் டேங்குக்கே திரும்பிப் போய்விடும். டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, குளிர்ந்த எஞ்சினில் இன்டேக்குக்கு 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.50 மி.மீ. என்று வைக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பம்பின் மேலுள்ள ஏஎஃப்சி (காற்றுக்கேற்ப டீசலைக் கட்டுப்படுத்தும்) அறைக்குப் போகும் மெல்லிய குழாயையும் மறந்துவிடக் கூடாது. டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று பம்புக்குத் தெரிவிக்கும் ஒரே வழி அதுதான்; அதில் சிறு விரிசல் இருந்தாலும் பம்ப் டீசலை முழுதாகத் திறக்காது.

இவையெல்லாம் சரியாக இருக்கும்போதுதான் ஃபியூவல் பிளேட்டின் பக்கம் போக வேண்டும். ஏஎஃப்சி அறைக்கு அடியிலுள்ள அந்தச் சிறிய தகடுதான், டீசல் அளவைத் தீர்மானிக்கும் தண்டான ரேக் எவ்வளவு தூரம் நகரலாம் என்று வரம்பிடுகிறது. அதைச் சற்று முன்னால் நகர்த்தினால் டீசல் கூடும். கழற்றி எறிந்தால் கட்டுப்பாடே பெரும்பாலும் போய்விடும். எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் பொருத்தாமல் இந்தத் தகட்டைத் தொடுவதையே நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் கூடினால் பெரும்பாலும் வெப்பம் தணியும். டீசல் எஞ்சினில் கூடும் ஒவ்வொரு துளியும் வெப்பத்தை ஏற்றும். தொடர்ந்து சுமை இழுக்கும்போது டர்போவுக்கு முன்னால் ஏறத்தாழ 1,250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 675 டிகிரி செல்சியஸ் அளவைத் தாண்டக் கூடாது என்பதே அனுபவமுள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வரம்பு. சமவெளியில் வெறும் வண்டியாக ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியாத ஒரு வண்டி, கொலராடோவில் டென்வரிலிருந்து 11,000 அடிக்கும் மேலுள்ள ஐசன்ஹவர் சுரங்கப்பாதையை நோக்கி டிரெய்லரோடு ஏறும்போது, காற்று மெலிய மெலிய அந்த வரம்பைத் தாண்டிப் போகும்; பல நிமிடங்கள் அப்படியே போனால் அலுமினிய பிஸ்டன் உருகத் தொடங்கும். சென்சரை டர்போவுக்குப் பின்னால் வைத்து, முள் தணிவாக இருக்கிறது என்று திருப்தியடைவதும் பயனற்றது. சுமையில் அங்கே வெப்பம் வெகுவாகக் குறைந்தே தெரியும் என்பதால், துளை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான் இருக்க வேண்டும். துளையிடும்போது டிரில் பிட்டில் கிரீஸ் தடவி, இரும்புத் துருவல் டர்பைனுக்குள் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜெக்ஷன் டைமிங்கை முன்னால் கொண்டுவருவது, அதாவது டீசலைச் சற்று முன்னதாகவே சிலிண்டருக்குள் பீய்ச்சச் செய்வது, உண்மையில் நல்ல பலன் தரும். எக்ஸாஸ்ட் வெப்பம் குறையும், மேல் வேகத்தில் எஞ்சின் இலகுவாக ஓடும். ஆனால் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறும் என்பதால், டர்போ அழுத்தத்தையும் ஒருசேரக் கூட்டியவர்கள் ஹெட் கேஸ்கட்டை இழந்திருக்கிறார்கள். கடுங்குளிரில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவும் சிரமப்படும். வேலையின்போது நேரும் தவறுகள் இன்னும் எளிய இடங்களில் நிகழ்கின்றன. பம்பின் கியர், அதைத் தண்டோடு பூட்டும் சாவி (கீ) எதுவுமின்றிக் கூம்பு வடிவத் தண்டின் பிடிப்பை மட்டும் நம்பி நிற்கிறது. இரு பரப்புகளிலும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாதபடி பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவைத்த பிறகே நட்டை முழு டார்க்கில் இறுக்க வேண்டும். விரலால் தொட்ட பிசுபிசுப்பு மிஞ்சியிருந்தாலும், சுமை ஏறும் நாளில் கியர் வழுக்கி, வண்டி வெண்புகையோடு சாலையில் நின்றுவிடலாம். பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையை (டிடிசி) அடையாளம் காட்டும் ஊசியைச் செருகிய நிலையிலேயே நட்டை முறுக்கி அதை உடைப்பதும் அடிக்கடி நடக்கிறது.

எஞ்சினின் உச்ச வேகத்தை வரம்பிடும் கவர்னரின் ஸ்பிரிங்கை மாற்றி 3,000 ஆர்பிஎம்முக்கு மேலும் டீசல் கிடைக்கச் செய்பவர்கள், வால்வு ஸ்பிரிங்குகளையும் கூடவே வலுப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் வால்வுகள் உரிய நேரத்தில் மூடாமல் மிதக்கும். முன்பக்க மூடிக்குள், டைமிங் கியர் ஹவுசிங்கை இடம்பிடித்து நிறுத்தும் எஃகு டவல் பின் (சிறு ஆணி) அதிர்வில் கழன்று கியர்களுக்கு நடுவே விழக்கூடும் என்பது இந்த எஞ்சினின் அறியப்பட்ட குறை. அதை ஒரு சிறு தகட்டால் அடைத்துவிடுவதற்குச் செலவு மிகக் குறைவு. சக்தியைக் கூட்டும் எந்த வேலைக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

எஞ்சின் தாங்கும் அளவுக்கு மற்றவை தாங்குவதில்லை. மேனுவல் வண்டிகளில் 440 பவுண்டு-அடி, அதாவது ஏறத்தாழ 600 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு வைக்கப்பட்ட கிளட்ச், பிளேட்டை நகர்த்திய சில நாட்களிலேயே மேல் கியரில் வழுக்கக்கூடும். அவற்றிலுள்ள என்வி4500 என்ற ஐந்து வேக கியர்பாக்ஸில் ஐந்தாம் கியரின் நட் கழன்றுவிடும் குறையும் இருக்கிறது. குறைந்த ஆர்பிஎம்மில் ஐந்தாம் கியரிலேயே வைத்து மேட்டை இழுக்கும் பழக்கம் அதை விரைவுபடுத்துகிறது. ஒரு கியர் இறக்கினால் எக்ஸாஸ்ட் வெப்பமும் தணியும். ஆட்டோமேட்டிக் வண்டிகளில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச்தான் முதலில் கைவிடும். ஆகவே கன்வெர்ட்டருக்கும், கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் வால்வு பாடிக்கும் பணம் ஒதுக்க முடியாதவர் பம்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கரும்புகையைச் சக்தியின் அடையாளமாக எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். அது எரியாமல் வீணான டீசல். அக்கம்பக்கத்தாரின் நுரையீரலுக்குக் கேடு, எஞ்சின் ஆயிலுக்கும் கேடு. வண்டியோடு வந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. கலிஃபோர்னியாவில் 1998 மாடல் முதலான டீசல் பிக்கப்புகள் புகைச் சோதனையிலும் தேற வேண்டும். டர்போ அழுத்தத்துக்கேற்ப டீசல் எவ்வளவு விரைவில் கூடுகிறது என்பதைச் சரிசெய்யும் ஏஎஃப்சியின் நட்சத்திரச் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து, டர்போ எழும்வரை மெல்லிய சாம்பல் நிறமும் அதற்குமேல் தெளிந்த எக்ஸாஸ்ட்டும் தெரியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும்.